நெட் இல்லாமல் கிரிவலப் பாதையை போனில் பதிவு செய்வது எப்படி?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் போனை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிக்னல் முழுக் கோடு காட்டும். ஆனால் மேப் மட்டும் வெள்ளையாகவே கிடக்கும். லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் டவர் என்ன செய்யும், பாவம்! “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கூட வந்தவர்கள் கேட்டால் டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

உண்மையில் இதற்கு நெட்டே தேவையில்லை. ஜிபிஎஸ் கிட்டத்தட்ட ரேடியோ கேட்பது மாதிரி. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன, போன் காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். சிம் இல்லாத போனுக்கும் அது கேட்கும். நெட் கேட்பது மேப்தான். அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

நான் பயன்படுத்துவது ஆஸ்ம்அண்ட் என்ற ஆப். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் உண்டு. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் இதற்கு அடிப்படை. கீழே சொல்வது ஆண்ட்ராய்டுக்கு.

1. மேப்பை இறக்குங்கள்

வீட்டில், வைஃபை இருக்கும்போது செய்யுங்கள். ஆப்பின் மெனுவில் மேப் டவுன்லோடு பகுதிக்குப் போய் ஆசியா, இந்தியா, தமிழ்நாடு என்று வரிசையாகத் திறந்தால் நம் மாநில மேப் தனியாகக் கிடைக்கும். பிளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் 7 மேப்தான் இறக்க முடியும். நமக்கு ஒன்று போதும் என்பதால் கவலையில்லை. இறங்கியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மேப்பில் திருவண்ணாமலையைத் தேடி நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருக்கள் தெரிந்தால் சரி.

2. பதிவு செய்யும் வசதியை இயக்குங்கள்

இது தானாக இயங்காது. மெனுவில் ‘பிளகின்ஸ்’ போய் ‘டிரிப் ரெக்கார்டிங்’ என்பதை இயக்க வேண்டும். அதன் அமைப்புகளில் எத்தனை நொடிக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்க வேண்டும் என்று கேட்கும். நடைக்கு 5 நொடி போதும். 1 நொடி வைத்தால் துல்லியம் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது, ஃபைல்தான் பெருக்கும்.

3. பேட்டரி அமைப்பு (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

முதல் தடவை நான் கோட்டைவிட்டது இங்கேதான். பதிவை ஆரம்பித்து, போனைப் பையில் போட்டுக்கொண்டு ஹாயாக நடந்தேன். குபேர லிங்கத்தில் எடுத்துப் பார்த்தால் 6 கிலோமீட்டர் சொச்சம்தான் காட்டுகிறது! கோடு நிருதி லிங்கம் வரை அழகாக வந்து, அங்கே நட்டாற்றில் விட்டது போல நின்றிருந்தது. ஆப்பைக் குறை சொல்ல முடியாது. பின்னால் ஓடுகிற ஆப்களைப் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று போனே மூடிவிடுகிறது.

போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், ஆஸ்ம்அண்ட், பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனுக்குப் போன் இந்தப் பெயர் மாறும். ‘கட்டுப்பாடு வேண்டாம்’ என்ற பொருளில் என்ன இருக்கிறதோ அதுதான். பேட்டரி சேவர் மோடையும் அணைத்துவிடுங்கள். லொகேஷன் அனுமதியில் ‘பிரிசைஸ்’ இயங்க வேண்டும். நோட்டிஃபிகேஷன் அனுமதியும் கொடுங்கள். பதிவு ஓடுகிறதா, எவ்வளவு தூரம் ஆயிற்று என்பதெல்லாம் அங்கேயே தெரியும்.

அப்புறம் ஒரு ஒத்திகை. திரையை அணைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டு, தெருவை அரை மணி நேரம் சுற்றி வாருங்கள். கோடு எங்கும் அறுபடாமல் இருந்தால் ஊருக்குக் கிளம்பலாம்.

4. எட்டு லிங்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மேப்பில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் அதைப் பிடித்த இடமாகச் சேமிக்கலாம். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று எட்டையும் குறித்துவிடுங்கள். கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று எண்திசைக்கும் ஒன்று என்பதால், மேப்பில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. எம லிங்கத்தில் நிற்கும்போது உங்கள் புள்ளி மலைக்கு நேர் கீழே இருக்கும். வருண லிங்கத்தில் இடப்பக்கம் வந்துவிடும். மேப் படிக்கத் தெரியாது என்று சொல்லும் என் அத்தைகூட இதை ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டார்.

5. கிளம்பும்போது

கோயிலுக்குள் பதிவை ஆரம்பிக்காதீர்கள். கல் மண்டபத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் சரியாக வராது, புள்ளி கண்டபடி தாவும். ராஜகோபுரத்துக்கு வெளியே, வானம் தெரிகிற இடத்தில் ஆப்பைத் திறந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். நெட் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் சட்டென்று இறங்கிவிடும். நெட் இல்லாதபோது அதையும் அந்தந்தச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகக் கேட்டு வாங்க வேண்டும், தாமதம் அதனால்தான். புள்ளி ஒரே இடத்தில் நிலைத்ததும் பதிவைத் தொடங்கி, திரையை அணைத்துவிடுங்கள். பேட்டரியை அதிகம் குடிப்பது ஜிபிஎஸ் அல்ல, எரிந்துகொண்டே இருக்கும் திரைதான்.

6. வழியில்

சாப்பிடவோ இளைப்பாறவோ உட்கார்ந்தால் பதிவை நிறுத்தி வையுங்கள். நாம் அசையாவிட்டாலும் ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் அங்குமிங்கும் அலையும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் நூல்கண்டு சிக்கியது போல ஒரு கிறுக்கல் இருக்கும், அதுவும் தூரக் கணக்கில் ஏறியிருக்கும். எழுந்ததும் மறக்காமல் மறுபடி தொடங்குங்கள். நிறுத்துவதை மறந்தால் கொஞ்சம் கிறுக்கல், தொடங்குவதை மறந்தால் பாதிப் பாதையே போச்சு!

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் பிரிந்தவரை இந்த ஆப் தேடித் தராது. எந்த லிங்கத்தில் காத்திருப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

7. முடிந்த பிறகு

பதிவை முடித்துச் சேமித்தால், ‘மை பிளேசஸ்’ பகுதியில் டிராக்குகளோடு சேர்ந்துவிடும். பாதை 14 கிலோமீட்டர் என்பார்கள். உங்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். கூட்டத்தில் சாலையின் இரு பக்கமும் மாறி மாறி நடந்ததும், புள்ளியின் அலைச்சலும் சேர்ந்த கணக்கு அது.

உயரக் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் கணித வடிவத்திலிருந்து. நம் பக்கத்தில் கடல் மட்டமே அந்த வடிவத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் திருத்தம் செய்யாத கணக்கில் மெரினா மணலில் நின்றாலும் மைனஸ் 80, 90 மீட்டர் என்று காட்டும். ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் அதைப் பாருங்கள்.

டிராக்கை நண்பர்களுக்கு அனுப்ப, ஷேர் கொடுத்தால் ஜிபிஎக்ஸ் ஃபைலாகப் போகும். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், உயரம், நேரம் மூன்றும் அதற்குள் எழுதியிருக்கும். நேரம் உலகப் பொது நேரக் கணக்கில் இருப்பதால், மாலை 6 மணிக்குக் கிளம்பியது 12:30 என்று தெரியும். 5:30 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பதிவை வீட்டு வாசலிலேயே தொடங்கியிருந்தால் அந்த வாசலும் ஃபைலுக்குள் இருக்கும் என்பதால், தெரியாதவர்களுக்கு அனுப்பும் முன் முதல் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.