கழற்றிப் பூட்டும் படகு: கீழ் போல்ட்டுக்குப் பயப்படாதீர்கள்

சென்ற மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். "அண்ணா, இரண்டு துண்டாகக் கழற்றிக் கார் மேல் ஏற்றும் படகு. பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். விரித்துப் பார்த்தேன். கோடுகள் சுத்தமாக இருந்தன, அளவுகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஆனால் இரு பாதிகளையும் இணைக்கும் நான்கு போல்ட்டுகளும் மேல் விளிம்பை ஒட்டியே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த படமே திரும்பி வந்து என் மேசையில் விழுந்தது போலிருந்தது. இந்த ஆண்டில் இதே படத்தோடு வந்தவர்களில் அவர் மூன்றாமவர்.

அதனால்தான் எழுதுகிறேன். மழையில் பசை ஒட்டாது, மட்டமான பலகை வாங்காதே என்பவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் பணமும் மாதங்களும் கொடுத்துக் கற்றவை மட்டும் இங்கே. கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

கழற்றும் படகு நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துக் காயப் போடுவார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். டர்பனில் அடுக்குமாடியில் குடியிருக்கிறவருக்கு டிரெய்லர் நிறுத்த இடம் ஏது? இனண்டா அணைக்கோ மிட்மார் அணைக்கோ சிறிய காரில் போய், கரையில் பூட்டி, மாலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் படகு அவருக்குப் பெரிய வரம். சரியாகக் கட்டினால்.

காரை அளக்காமல் படகை வரைவது

முதலில் நீளத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு காரில் வைக்க இடம் தேடுகிறார்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காரிடம்தான் முதலில் போக வேண்டும். கூரைக் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், பின்கதவு திறந்தால் படகில் இடிக்குமா, கையேட்டில் கூரைக்கு எத்தனை கிலோ வரை அனுமதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல சிறிய கார்களில் அந்த வரம்பு 75 கிலோ அல்லது அதற்கும் குறைவு. கூரைக் கம்பிகளின் எடையும் அதில் சேர்த்தி.

என் படகு 3.2 மீட்டர். அணியம், அதாவது முன்பாதி, 1.5 மீட்டர், அமரம், அதாவது பின்பாதி, 1.7 மீட்டர். அணியம் அமரத்துக்குள் அடங்கிவிடுவதால் காரின் மேல் தெரிவது 1.7 மீட்டர்தான். ஒன்றுக்குள் ஒன்று இறங்க, சுற்றிலும் 15 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். மூலைகளில் பூசும் எபாக்சி (கலந்தால் இறுகும் பிசின்) குழைவும் கண்ணாடி இழை நாடாவும் உள்ளளவைச் சுருக்கிவிடும். வரைபடத்தில் அது தெரியாது. பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

உட்காரும் பலகையை ஒட்டிவிடுவது

ஒட்டினால் அணியம் உள்ளே இறங்காது. கழற்றும்படி வையுங்கள்.

மொத்த எடையைப் பார்த்துவிட்டுப் பாதியின் எடையை மறப்பது

6 மில்லிமீட்டர் ஒக்குமே (ஓர் இலகுவான மரம்) மரைன் ப்ளைவுட், அதாவது படகுக்கான ஒட்டுப்பலகை, ஒரு முழுத் தாள், 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர், சுமார் எட்டு கிலோ இருக்கும். நான்கு தாள் என்றால் முப்பத்திரண்டு. எபாக்சி, விளிம்புக் கட்டை, கழற்றும் படகுக்கே உரிய இரட்டைத் தடுப்புப் பலகை (இணைப்பில் ஒவ்வொரு பாதியின் திறந்த முனையையும் அடைக்கும் பலகை) எல்லாம் சேர்ந்தால் ஐம்பதை நெருங்கும். ஜாக் ஹோல்ட், பாரி பக்னல் இருவரும் 1962 இல் வடிவமைத்த, கம்பியால் தைத்து ஒட்டும் மிர்ரர் படகு கிட்டத்தட்ட இதே நீளம். அதன் கூடு, அதாவது வெற்று உடல், 45 கிலோ சொச்சம்தான். நம்முடையது வெட்டிப் பூட்டுவதால் கொஞ்சம் கூடும். மிகவும் கூடினால் எங்கோ தேவையில்லாத கட்டை இருக்கிறது.

உங்கள் முதுகுக்கு முக்கியம் பாதியின் எடை. இருபத்தைந்து கிலோவைத் தாண்டினால் தனியாள் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. ஏற்றும் முறையும் உண்டு: அணியத்தை முதலில் கூரையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அமரத்தைத் தொப்பி போலக் கவிழ்க்க வேண்டும். தரையிலேயே ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போல்ட்டுகளை எல்லாம் மேலேயே வைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வரைகிறவர் மேல் அல்ல. அந்தப் பயத்தின் மேல்.

பயம் என்ன? "கீழே ஓட்டை போட்டால் தண்ணீர் வரும்." அவ்வளவுதான். ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே, கைக்கு எட்டும் இடத்தில், விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் நான்கு போல்ட். நானும் அப்படித்தான் வைத்தேன். முதல் நாள் நான் மட்டும் போனேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வாரம் இனண்டா அணைக்கு மைத்துனரையும் அழைத்துப் போனேன். இருவரும் நடுப்பலகையில் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்பு போட்டோம். கரையிலிருந்து ஐம்பது மீட்டர் போயிருப்போம். காய்ந்த மூங்கில் பிளப்பது போல் ஒரு சத்தம். உள்ளே தண்ணீர் இல்லை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். இரண்டு தடுப்புப் பலகைகளும் மேலே ஒட்டியிருந்தன. கீழே போகப் போக விலகி, அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் படகு வாய் திறந்திருந்தது.

மெதுவாகக் கரை சேர்ந்தோம். கழற்றியபோது நான்கு போல்ட்டும் புதிதுபோல் இருந்தன, ஒன்றுகூட வளையவில்லை. போல்ட்டைச் சுற்றியிருந்த ப்ளைவுட்தான் போயிருந்தது. வட்டமாகத் துளைத்த ஓட்டைகள் கண் வடிவத்தில் நீண்டிருந்தன. அவற்றைச் சுற்றி மேல் ஏடு உரிந்து, அடுத்த ஏட்டின் இழைகள் குறுக்கே தெரிந்தன. தடுப்புப் பலகை படகின் சுவரோடு சேரும் மூலையில் கண்ணாடி இழை நாடா வெள்ளையாகப் பூத்துக் கிழிந்திருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு தாள் மரைன் ப்ளைவுட்டும், வாங்கி வைத்திருந்த எபாக்சி முழுவதும், இரண்டு மாதச் சனி ஞாயிறுகளும் போயின.

ஏன் அப்படி ஆகிறது? ஒரு குச்சியை இரு முனைகளிலும் தாங்கி நடுவில் அழுத்திப் பாருங்கள். மேல்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். படகிலும் அதேதான். நடுவில் ஆள் எடை அமுக்குகிறது, நீளம் முழுவதும் நீர் தூக்குகிறது. இணைப்பின் மேல் விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி நிற்கும், அடிப்பகுதி பிரியப் பார்க்கும். பிரியவிடாமல் பிடிக்க வேண்டியது கீழ் போல்ட்.

கணக்கும் எளியதுதான். இருவர் எடை 150 கிலோ, படகு 3.2 மீட்டர். நீர் எங்கும் சமமாகத் தாங்குவதாக வைத்துக்கொண்டால், நடுவில் வளைக்கும் சுமை 150 × 3.2 ÷ 8, அதாவது 60 கிலோகிராம்-மீட்டர் (எடை × தூரம்). போல்ட் மேல் விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால், 60 ஐ 0.10 ஆல் வகுங்கள்: 600 கிலோ இழுவிசை. முப்பத்தைந்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் 0.35 ஆல் வகுங்கள்: 170 கிலோ சொச்சம், இரண்டு போல்ட்டுக்கு ஆளுக்குப் பாதி. அதே படகு, அதே ஆட்கள். இடம் மாறியதால் மட்டும் சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. படகின் முனைகள் குறுகலாக இருப்பதால் உண்மைச் சுமை இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் அணியம் மணலில் ஏறி நிற்க, அமரம் நீரில் மிதக்க, நடுவில் ஒருவர் கால் வைத்து ஏறினால் அவர் எடை தரும் சுமை இரு மடங்கு வரை போகும். கரையேறும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது.

மேலே இரண்டு போல்ட்டும் வேண்டும். முனைகளில் ஆட்கள் உட்காரும்போது படகு எதிர்ப்பக்கம் வளையும். மேலே இரண்டு, கீழே அடிப்பலகையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு. இதில் பேரம் வேண்டாம்.

இனித் தண்ணீர் விஷயம். 14 மில்லிமீட்டரில் பெரிய துளை போடுங்கள். கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் அதை முழுவதும் நிரப்புங்கள். இறுகியபின் அதன் நடுவே 8.5 மில்லிமீட்டரில் மறுபடி துளையிடுங்கள். இப்போது 8 மில்லிமீட்டர் போல்ட்டைச் சுற்றி இருப்பது பிசின். மரத்தின் வெட்டுமுகத்தைத் தண்ணீர் தொடவே தொடாது. இரு தடுப்புப் பலகைகளுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பர் வளையம். உட்பக்கங்களில் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பட்டை ஒட்டி, அதன் மேல் 40 மில்லிமீட்டர் அகல வாஷர். நட்டை இறுக்கும்போது ரப்பர் நசுங்கி அடைத்துக்கொள்ளும். இப்படிப் பூட்டிய என் படகில் நாள் முழுவதும் துடுப்பு போட்டபின் உள்ளே இருந்த தண்ணீரை ஒரு பஞ்சு உறிஞ்சிவிட்டது. அதிலும் பாதி எங்கள் காலோடு ஏறியது.

இரண்டு பாதிகளையும் தனித்தனியே கட்டுவது

தனித்தனியே கட்டிய பாதிகள் ஒருநாளும் நேராகச் சேராது. முழுப் படகாகக் கட்டுங்கள். இரண்டு தடுப்புப் பலகைகளையும் ஒன்றாக வைத்து, நான்கு போல்ட் துளைகளையும் ஒரே முறையில் இரண்டின் வழியாகவும் துளையிடுங்கள். நடுவே 3 மில்லிமீட்டர் அட்டையைச் செருகுங்கள். அதில் பாலித்தீன் நாடா சுற்றியிருந்தால் எபாக்சி ஒட்டாது. அப்படியே பூட்டிய நிலையில் கூட்டுக்குள் ஒட்டி, வெளிப்புறம் முழுவதும் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகு, அட்டை இருக்கும் கோட்டில் மெல்லிய ரம்பத்தால் சுற்றிலும் அறுங்கள். கட்டி முடித்த படகில் ரம்பம் வைக்க மனம் வராது. வையுங்கள். அறுத்த விளிம்பை அன்றே எபாக்சியால் மூடிவிடுங்கள்.

எஃகு நட்டை உலர்வாக முறுக்குவது

துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் அதே எஃகு நட்டை மணலோடு முறுக்கினால் திருகு இழைகள் ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடும். அணைக்கரையில் ரம்பம் தேட வேண்டி வரும். போல்ட்டைக் கழுவித் துடைத்து, கவ்வாமல் தடுக்கும் பசை தடவுங்கள்.

கூரைப் பட்டையை மட்டும் நம்புவது

என்3 நெடுஞ்சாலையில் மிட்மாருக்கு ஏறும்போது எதிர்க்காற்று கவிழ்த்த படகின் வாய்க்குள் புகுந்து தூக்கும். குறுக்கே இரண்டு பட்டை, முன்னும் பின்னும் காரின் இழுவை வளையங்களுக்கு ஒரு கயிறு. பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இறுக்குங்கள்.

கடலுக்குக் கொண்டுபோவது

இது அணைக்கும் அமைதியான நீருக்குமான படகு. டர்பன் கடற்கரையில் தென்மேற்குக் காற்று திரும்பும் வேகம் மீனவர்களுக்குத் தெரியும். வேண்டாம்.

ஃபீனிக்ஸ் தம்பி வரைபடத்தை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று என் பட்டறையில் இரண்டு தடுப்புப் பலகைகளையும் சேர்த்துப் பிடித்து, கீழ்த் துளையை அவரே போட்டார். துரப்பணம் மறுபக்கம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எபாக்சிக் கிண்ணத்தை நீட்டினேன். நிரப்பிய பிசின் இப்போது மேசையில் இறுகிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை 8.5 துளை போட வருகிறார்.