ஓடும்போது நின்றுபோகும் பழைய கார்: கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி?

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென ஆஃப் ஆகிவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொள்ளும். அவரும் குத்துமதிப்பாக பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவார்.

ஒழுங்காக ஓடும் வண்டியில் இந்தக் கோளாறைத் தேடிப் பயனில்லை. நின்றுபோன அந்தச் சில நிமிடங்களில்தான் தேட வேண்டும். இது பெட்ரோல் கார்களுக்கானது. டீசல் கதை வேறு.

முதலில் ஓரம் கட்டுங்கள்

இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு அப்புறம் பானட்டைத் திறக்கலாம்.

எப்படி நின்றது?

கையோடு போனில் குறித்துக்கொள்ளுங்கள், பாதி விடை இதிலேயே இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகிறது, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் தாக்குப்பிடிக்கிறது என்றால் இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி, ஐடில் வால்வு, எங்காவது கிழிந்த வேக்குவம் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். வேகத்திலோ மேட்டிலோ இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு அல்லது தளர்ந்த பம்ப். லைட்டை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. குழியில் இறங்கும்போதெல்லாம் நிற்கிறதா? ஏதோ ஒரு கனெக்‌ஷன் ஆடுகிறது.

செல்ஃப் சுற்றுகிறதா?

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றாமல் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் பெட்ரோலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் டெர்மினல்களையும், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் கழற்றித் தேய்த்து முறுக்குங்கள். பழைய வண்டிகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும் இந்த இடங்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை

இங்கே அவசரப்படாமல் மூன்றைக் கவனியுங்கள்.

காது: சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் டேங்க் பக்கமிருந்து ஓரிரண்டு விநாடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் வரும். வழக்கமாக வரும் சத்தம் இன்று வரவில்லை என்றால் பம்பின் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்சான ரிலேயை, அதே எண்ணும் அதே கால்களும் கொண்ட ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போடுங்கள். பம்ப் பேசினால் குற்றவாளி ரிலேதான்.

கண்: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சற்றே எழுகிறதா? பல கார்களில் அந்த முள்ளுக்குத் தகவல் போவது, இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்துதான். வண்டி ஓடிக்கொண்டே நிற்கும்போது முள் படிப்படியாக இறங்காமல் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தாலும், செல்ஃப் அடிக்கும்போது அசையாமல் கிடந்தாலும் அந்த சென்சாரைச் சந்தேகப்படுங்கள். சூடானதும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். 'அரை மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது' என்ற புகாரில் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். கை எட்டும் இடத்தில் இருந்தால் அதன் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சில நிமிடம் காத்திருந்து முயன்று பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கிறது. சைலன்ஸர் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க்: இதற்கென்று சின்னதாக ஒரு டெஸ்டர் கிடைக்கிறது, வண்டியிலேயே வைத்திருங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் வித்தை வேண்டவே வேண்டாம், அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். பம்ப் சத்தமும் முள்ளும் சரியாக இருந்து ஸ்பார்க் மட்டும் இல்லை என்றால், ஸ்பார்க்கை உண்டாக்கும் காயில் அல்லது இக்னிஷன் மாட்யூலில் கோளாறு.

சாவிப் படம் போட்ட லைட் மினுக்கினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டதா? உடனே கிளம்பாதீர்கள்

வண்டியை நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, சாவியை லேசாக ஆட்டுங்கள். கனத்த சாவிக்கொத்து தொங்கித் தொங்கி இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ந்திருக்கலாம். ரிலேக்களை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டத்தில் கையை வைத்து வயர் கட்டுகளை ஒவ்வொன்றாக அசையுங்கள். எதைத் தொடும்போது இன்ஜின் திணறுகிறதோ அங்கேதான் கோளாறு.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் வேலை செய்யும் வண்டி என்றால், செக் இன்ஜின் லைட் எரியாவிட்டாலும் கோளாறு எண்களை (எரர் கோட்) படியுங்கள். பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட். சென்சார் மட்டுமல்ல, அதன் வயரும் காரணமாக இருக்கலாம். படிக்கும் முன் பேட்டரியைக் கழற்றினால் இந்த எண்கள் அழிந்துவிடலாம்.

கார்புரேட்டர் வண்டியா?

சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை அடித்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மேல் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். இன்னொன்று, எந்த வண்டிக்கும் பொருந்துவது: நின்றதும் டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று 'உஸ்' என்று உள்ளே இழுத்து, அதன்பின் ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளையோ வென்ட் குழாயோ அடைத்திருக்கிறது.

இதற்கு மேல் பெட்ரோல் லைனைக் கழற்றி பிரஷர் பார்ப்பதெல்லாம் மெக்கானிக் வேலை. குறித்து வைத்ததை அவரிடம் காட்டுங்கள்: எப்படி நின்றது, பம்ப் சத்தம் வந்ததா, முள் அசைந்ததா, ஸ்பார்க் இருந்ததா.