லண்டனில் கார் பழக்கப் போகிறீர்களா? பச்சை பேட்ஜ் வந்த கையோடு இதையும் பாருங்கள்

மூன்று பரீட்சையும் பாஸ், முன்கண்ணாடியில் பச்சை பேட்ஜ் (கார் பழக்குபவருக்கான அனுமதி), காருக்கு டூயல் கன்ட்ரோலும் (என் பக்கமும் பிரேக்) போட்டாயிற்று, இனி மாணவர் வந்தால் சரி என்றுதான் நானும் இருந்தேன். மற்றவரின் சொந்த விவரங்களைக் கவனமாக வைத்திருக்கும் தரவுப் பாதுகாப்பெல்லாம் பெரிய கம்பெனிக்காரர் பார்க்கிற விஷயம், ஒற்றை ஆளாகச் சின்னக் கார் ஓடுகிற எனக்கு எதற்கு?

அப்படி இல்லை. தனியாளாகத் தொழில் செய்பவருக்கும் யூகே ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகளும் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். வேறொரு டிரைவிங் ஸ்கூலின் பெயர்ப்பலகையைக் கூரையில் வைத்து ஓடினாலும், மாணவரின் விவரம் உங்கள் போனில் இருந்தால் உங்களுக்கும் பொறுப்பு வரும், ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முதலில் காசுக் கணக்கு. இந்தச் சட்டங்களைக் கவனிக்கிற தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு, அதாவது ஐசிஓவுக்கு, ஆண்டுக் கட்டணம் உண்டு. நம்மைப் போன்ற சின்னத் தொழிலுக்கு 52 பவுண்டு, டைரக்ட் டெபிட் என்றால் 47. எல்லாவற்றையும் பேப்பர் டயரியிலேயே வைத்திருப்பவருக்குத் தேவையில்லை, ஆனால் தொழில் காரில் டேஷ்கேம் (ஓட்டத்தைப் பதிகிற கேமரா) பூட்டியிருந்தால் பெரும்பாலும் கட்டத்தான் வேண்டும். அவர்களுடைய தளத்தில் சில கேள்விகள் இருக்கும், பதில் சொன்னால் உங்களுக்கு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். பதிந்து தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்களே செய்யலாம்.

டேஷ்கேம் என்றதும் இன்னொன்று. உள்ளே பார்க்கிற கேமராவோ குரல் பதிவோ இருந்தால் முதல் பாடத்துக்கு முன்பே மாணவரிடம் சொல்லுங்கள். டெஸ்ட் நேரத்தில் அது உள்ளே பார்க்கவும் கூடாது, குரலைப் பதியவும் கூடாது.

அப்புறம் லைசென்ஸ். எல்லோரும் புரொவிஷனலை (பழகுபவரின் தற்காலிக லைசென்ஸ்) வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறோம். அந்த டிரைவர் நம்பரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துக்குப் பிறகு வரும் ஆறு இலக்கமும் பிறந்த தேதிதான், கொஞ்சம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். 2007 ஜூலை 14 இல் பிறந்த பெண்பிள்ளை என்றால் 057147. பெண் என்பதால் மாதத்தோடு 50 கூட்டி, 07 என்பது 57 ஆகிறது. ஒரு நம்பரில் பெயரில் பாதி, பிறந்த நாள், ஆணா பெண்ணா என்பது எல்லாம் வந்துவிடுகிறது. ஆகவே காரில் வைத்து நேரில் பாருங்கள், செக் பண்ணியதைக் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோ வேண்டாம்.

இதில் நானே மாட்டினேன். பாஸான ஒரு பிள்ளை சர்டிபிகேட்டைப் பிடித்துச் சிரிக்கிற படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டேன், அதில் டிரைவர் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளையிடம் கேட்கவும் இல்லை. அன்றிரவே அண்ணன்காரன் போன் பண்ணி வாங்கு வாங்கென்று வாங்கினான், நியாயம்தான். இப்போது முதலில் கேட்டு, சம்மதத்தை மெசேஜில் வாங்கி, நம்பரை விரலால் மறைக்கச் சொல்லித்தான் படம்.

நம் ஆட்களிடம் கஷ்டமான இடம் அம்மாமார்தான். "தம்பி, பிள்ளை இப்ப எப்படி ஓடுறா, போன டெஸ்ட்ல என்ன பிழை விட்டவ?" என்று கோயிலில் வைத்துக் கேட்பார்கள். காசு கட்டுவது அம்மாவாக இருக்கலாம், ஆனால் 17 வயதுப் பிள்ளையின் விவரம் பிள்ளையுடையது. "அவவையே கேளுங்கோ அக்கா" என்று சிரித்துக்கொண்டு சொல்லிப் பழகுங்கள், முதலில் கோபப்படுவார்கள். வலிப்பு, டிஸ்லெக்சியா, மனப்பதற்றத்துக்கு மருந்து போன்ற விஷயங்களுக்குச் சட்டத்தில் இன்னும் கடுமையான பாதுகாப்பு. பாடத்துக்குத் தேவையானதை மட்டும், மாணவரின் வெளிப்படையான சம்மதத்தோடு எழுதி வையுங்கள்.

வருமானக் கணக்கை, அந்த வரி ஆண்டுக்கான ஜனவரி 31 வரிக்கணக்குக் கெடுவுக்குப் பிறகு குறைந்தது 5 வருடம் எச்எம்ஆர்சிக்காக (வரி அலுவலகம்) வைத்திருக்க வேண்டும். பாடக் குறிப்புக்கு அந்தத் தேவை இல்லை, பாஸாகிப் போனவருடையதைக் கொஞ்ச காலத்தில் அழித்துவிடலாம். போன் தொலைந்து, அதனால் மாணவருக்குப் பாதிப்பு வரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஐசிஓவுக்கு அறிவிக்க வேண்டும். போனுக்கு லாக் போடாமல் திரிகிறவர்கள் இன்றைக்கே போடுங்கள்.

மாணவர் தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்கள் குறிப்புகளும் அதில் சேரும். "ரவுண்டபவுட்டில் தயங்குகிறார்" என்று எழுதுங்கள். "மண்டையில் ஏறாது" என்று எழுதி வைக்காதீர்கள்.