ரோஜா வாடுகிறதா? உரப் பையைக் கீழே வையுங்கள்

"ஏனுங்க, வாங்கியாரப்ப நாலு பூ இருந்ததுங்க. இப்ப வெறும் குச்சிதானுங்க நிக்குது."

கோவையை அடுத்த சூலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் மாதம் ஒரு முறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். கூடவே இன்னொன்றும் வரும்: "கொஞ்சம் டிஏபி போட்டுப் பார்த்தேனுங்க." அங்கேதான் தப்பு. வேர் வேலை செய்யாத செடிக்கு உரம் வைத்தால் மண்ணில் உப்பு ஏறி, மிச்சமிருக்கிற வேரும் கருகும். ஆகவே உரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

1. உயிர் இருக்கிறதா?

தண்டின் நுனியில் தொடங்கி, நகத்தால் தோலை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழே, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய தண்டின் நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இன்னும் இறக்கி வெட்டுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைக் குழைத்துத் தடவினால் நுனிக்கருகல் கீழே இறங்குவது குறையும்.

காட்டுரோஜாத் தண்டின் மேல் ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே மட்டும் பச்சை இருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் வாங்கிய ரோஜா போய்விட்டது. இனி துளிர்ப்பது அடியில் இருக்கும் காட்டுரோஜா. மேலே செடி உயிரோடு இருக்கும்போதே அடியிலிருந்து வேறு இலையோடு விறுவிறுவென்று ஒரு குச்சி கிளம்பினால், அதை வெட்டாமல் கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி வரும்.

2. தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

நம் ஊர்ச் சாலையோரம் விற்கும் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. வழியில் உடையாமல் இருக்கக் களிமண் உருண்டையில் வேரைப் பொதித்து அனுப்புகிறார்கள். அதை அப்படியே பொலபொலவென்ற கலவையில் நட்டால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்தோடிவிடும். மேலே ஈரமாக இருக்கும். வேருக்குள் செங்கல் மாதிரி காய்ந்திருக்கும்.

செடியை எடுத்து அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் வையுங்கள். இளகிய களிமண்ணை விரலால் மெல்ல உதிர்த்துவிடுங்கள். முழுதும் போகாவிட்டால் பரவாயில்லை, வேர் அறாமல் இருந்தால் போதும். வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ கெட்டியாக இருந்தால் நல்லது. கறுத்து, நசுங்கி, நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகமாகி அழுகியது. அந்த வேர்களை நறுக்கிவிடுங்கள்.

புதுக் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. பொள்ளாச்சி தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணி வேண்டாம். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். பத்து நாள் நிழலோரம் வைத்து, அப்புறம் மெதுவாக ஆறு மணி நேர வெயிலுக்கு நகர்த்துங்கள். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

3. நம் ஊர்த் தண்ணீர்

கொங்குப் பக்கம் ரோஜா நலிவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணக்கு. போர் தண்ணீர் பிடித்த வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தொட்டியிலும் படிகிறது. போதாக்குறைக்குப் பல இடங்களில் மண்ணே சுக்கான் கல் கலந்த சுண்ணாம்பு மண். ரோஜாவுக்குப் பிடித்தது லேசான அமிலத்தன்மை, பி.எச். 6 முதல் 6.5 வரை. அது எட்டை நெருங்கினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

இதன் அடையாளம்: புதுத் துளிர் மஞ்சளாக இருக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். (அடி இலைகள் மட்டும் முழுதாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு அல்லது அதிக நீர்.) ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்புச் சத்து தரும் ஃபெரஸ் சல்பேட்), அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை. டைல்ஸில் சிந்தினால் துருக்கறை விழும். நான் வாங்கிய திட்டு உங்களுக்கு வேண்டாம்.

இலை ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் உப்பு ஏறிவிட்டது. மழைநீரோ சிறுவாணித் தண்ணீரோ கிடைக்கும் நாளில், அடித்துளை வழியே நன்றாக ஓடும்படி தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி அலசுங்கள்.

முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு எதற்கு அது? ஒரு வருடம் நானும் போட்டேன், செடி இன்னும் வெளுத்ததுதான் மிச்சம். சந்தேகம் இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் நீரையும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

4. பூச்சியும் நோயும்

கோடையில் இலை மேல் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் வந்தால், அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். நகரும் துகள்கள் சிவப்புச் சிலந்தி. மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும். மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் இலைப்பேன்: மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். ஐப்பசி மழையில் கரும்புள்ளி வரும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதே பாதி வைத்தியம். மார்கழிப் பனியில் இலையில் மாவு பூசியதுபோல் வந்தால் சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகும்.

5. இப்போது உரம்

சிவந்து வந்த துளிர் விரல் நீளம் வளர்ந்து பச்சையாக மாறட்டும். அதன்பின் ஒரு கைப்பிடி மண்புழு உரம். இரண்டு வாரம் கழித்து, ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நல்ல தண்ணீர் கலந்து ஊற்றலாம். கிளைகளைக் குறைத்து வெட்டும் பெரிய கவாத்தைச் சித்திரை வெயிலில் செய்யாதீர்கள், அக்டோபர் வரை பொறுங்கள்.

தேறிவரும் செடியின் முதல் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும்; பூவுக்குப் போகிற சத்து இலைக்குப் போகட்டும். எங்கள் அம்மிச்சியிடம் (அம்மாவைப் பெற்றவர்) இதைச் சொன்னால் கேட்க மாட்டார். "மொட்டைக் கிள்ளற கை என்ன கையடா" என்று கேட்டுவிட்டு, நான் கிள்ளிய மொட்டை எடுத்துப் போய்ச் சாமி படத்துக்கு வைத்துவிட்டார்.