டேப்லெட்டில் கறுப்பு ஏன் சாம்பலாகத் தெரிகிறது? புள்ளி வைத்து ஒரு சோதனை

மதினி வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறார். போன மாதம் ஒரு நாள் ராத்திரி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இந்தக் கறுப்புச் சேலையப் பாருங்க, சாம்பல்ல போட்டுப் புரட்டுன மாதிரி இருக்கு. ஒங்க போன்ல பரவால்ல" என்றார். இரண்டிலும் ஒரே படம்தான். திரை போய்விட்டது என்று நானாக முடிவுகட்டி, மறுநாள் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் அசடு வழிந்துவிட்டு வந்தேன். நீங்களும் அலைய வேண்டாம்.

முதலில், உங்கள் திரை எந்த வகை என்று பாருங்கள். மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் எல்சிடியா, ஓஎல்இடியா என்று தெரிந்துவிடும். ஆமோலெட் என்று போட்டிருந்தால் அதுவும் ஓஎல்இடிதான். பெயரைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்8 எல்சிடி. எஸ்8 பிளஸ் ஆமோலெட். ஐபேடில் 'லிக்விட் ரெட்டினா' எல்சிடி. பின்னால் 'எக்ஸ்டிஆர்' சேர்ந்தால் அதே எல்சிடிக்குப் பின்னால் மினி எல்இடி விளக்குகள். 'அல்ட்ரா ரெட்டினா எக்ஸ்டிஆர்' என்று 2024 ஐபேட் ப்ரோவில் வந்ததுதான் ஓஎல்இடி.

இதில் என்ன வித்தியாசம்? சாதாரண எல்சிடி திரைக்குப் பின்னால் பேக்லைட் என்ற விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வரவேண்டிய இடத்தில் திரவப் படிகங்கள் அந்த வெளிச்சத்தை மறிக்குமே தவிர, விளக்கு அணையாது. ராத்திரி விளக்குத்தூண் பக்கம் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே கணக்குப் பார்க்கும் ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடை சாத்தித்தான் இருக்கும். ஷட்டருக்கு அடியில் ட்யூப்லைட் வெளிச்சம் கோடாகக் கசியும். ஐபிஎஸ் என்ற வகை எல்சிடியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000-க்கு 1. வெள்ளை 400 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) என்றால் கறுப்பு 0.4 நிட். பகலில் அது கண்ணில் படாது, விளக்கணைத்த அறையில் பளிச்சென்று படும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு என்றால் அந்த பிக்சல் அணைந்தே போகும்.

அடுத்து, சோதனைப் படம். ஏதாவது ஒரு ஓவியச் செயலியில் பின்னணி நிறத்தை 0, 0, 0 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூஜ்யம், அதாவது முழுக் கறுப்பு) என்று வைத்து, அதன்மேல் நாலைந்து சின்ன வெள்ளைப் புள்ளிகளை வையுங்கள். சுங்குடி மாதிரியே இருக்கும். பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து முழுத்திரையில் திறவுங்கள். டார்க் மோடைப் போட்டுச் சோதிக்காதீர்கள். பல செயலிகளில் அது கறுப்பே இல்லை, அடர்சாம்பல்.

ஆட்டோ பிரைட்னஸை அணைத்து வெளிச்சத்தை முழுதாக வையுங்கள். திரையைத் துடைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருங்கள். எங்கள் வீட்டில் இதற்குக் கரண்ட் கட்டே போதுமானதாக இருந்தது.

இப்போது பாருங்கள். ஓஎல்இடி என்றால் புள்ளிகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும், திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. எல்சிடி என்றால் திரை முழுக்க லேசான நீலச்சாம்பல். மூலையில் மட்டும் வெளுப்பு இருந்தால் டேப்லெட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். வெளுப்பு நகர்ந்தாலோ மறைந்தாலோ அது ஐபிஎஸ் திரைகளின் பிறவிக்குணம். அசையாமல் அங்கேயே நின்றால் பேக்லைட் கசிவு. மினி எல்இடி என்றால் பின்விளக்கு பகுதி பகுதியாகத் தனித்தனியே மங்கும்; அதனால் புள்ளியைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் வரும். 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் 2,596 விளக்குப் பகுதிகள் இருந்தும், பிக்சலோடு ஒப்பிட்டால் ஒரு பகுதி பெரிதுதான். புள்ளிக்காக எரியும் பகுதி பக்கத்துக் கறுப்பையும் வெளுக்கும்.

நான் வழுக்கி விழுந்தது இதற்கு அடுத்த இடத்தில். மதினியின் திரையை இருட்டில் என் போனால் படம் பிடித்தேன். படத்தில் நான்கு மூலையிலும் தீப்பிடித்த மாதிரி வெளிச்சம்! அதைத்தான் கடையில் காட்டினேன். கடைக்காரர் டேப்லெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், நைட் மோட்ல எடுத்திருக்கீங்க" என்றார். இருட்டைக் கண்டால் போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதனால் நைட் மோடை அணையுங்கள். ஒரு வெள்ளைப் புள்ளியின்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை) பூட்டுங்கள். புள்ளி வெடித்துப் பரவாமல், ஓரம் சுத்தமாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். கண்ணுக்குத் தெரிவதும் படத்தில் விழுவதும் அப்போதுதான் ஓரளவு ஒத்துப்போகும். புள்ளி வைக்கச் சொன்னதே முக்கியமாக இதற்காகத்தான்.

எல்சிடியாக இருந்தால் என்ன செய்யலாம்? பிரைட்னஸைக் குறைத்தால் கறுப்பும் கூடவே இறங்கும்; விகிதம் மாறாது, ஆனால் உறுத்தல் குறையும். டேப்லெட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு வைத்தால் இன்னும் நல்லது. மேட் ஸ்கிரீன் கார்டு எனக்குப் பிடிக்காது. அறை வெளிச்சத்தைச் சிதறடித்து, பகலில் இருக்கிற கறுப்பையும் வெளுத்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் ஓஎல்இடியும் தன் கெத்தை இழக்கும். அங்கே கண்ணுக்கு வருவது ஜன்னலின் பிரதிபலிப்பு.

ஓஎல்இடிக்கும் குறை உண்டு. பிரைட்னஸ் மிகக் குறைவாக இருக்கும்போது சோதனைப் படத்தை வேகமாக நகர்த்திப் பாருங்கள். சில திரைகளில் புள்ளிக்குப் பின்னால் ஊதா நிறத்தில் வால் இழுக்கும். அணைந்த பிக்சல் விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவர், தன் திரை ஓஎல்இடிதான், ஆனாலும் கறுப்புத் துணியின் படம் சாம்பலாகவே இருக்கிறது என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மதினியின் சேலையை எடுத்துவந்து என் போன் பக்கத்தில் விரித்தேன். படத்திலேயே சேலை வெளுத்துத்தான் இருந்தது! ஃபிரேம் முழுக்கக் கறுப்புத் துணி இருந்தால் கேமரா அதை இருட்டு என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. திரை பாதிக் குற்றவாளி என்றால், படம் எடுத்த நான் மீதிப் பாதி. இப்போது கறுப்புச் சேலை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறேன். மதினி அந்தப் பழைய படத்தை மாற்றவில்லை. "சாம்பல் கலர்ல இருக்கான்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இருக்கட்டும்" என்கிறார்.