எழுத்தின் நிறத்தைக் கருப்பு வெள்ளையில் சோதியுங்கள்

வெள்ளைப் பின்னணிக்கு எழுத்து நிறங்களைத் தேர்ந்தெடுத்ததும், திரையைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். வெளிறித் தெரியும் நிறத்தைக் கைவிடுங்கள். ஒரே சாம்பலாகத் தெரியும் இரண்டில் ஒன்றை இன்னும் அடர்த்தியாக்குங்கள். வாசிப்பை எளிதாக்குவது பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடுதான், நிறம் இரண்டாம்பட்சம். சாதாரண எழுத்துக்கு இணைய அணுகல்தன்மை வழிகாட்டி (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த உதவும் நெறிமுறை) கேட்கும் குறைந்தபட்ச ஒளிர்வு விகிதம் 4.5:1. பளிச்சென்ற மஞ்சள் 1.1-ஐக்கூடத் தொடாது, அடர்நீலம் எளிதில் தாண்டும். தூய சிவப்போ கண்ணைப் பறிக்குமே தவிர, ஏறக்குறைய 4-இலேயே நின்றுவிடும். சற்றே கருஞ்சிவப்பாக்கினால் போதும்.

பெரிய தலைப்புகளுக்கு 3:1 போதும் என்பதால் அங்கே இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். புரொஜெக்டரில் காட்டப்போவதற்கு இந்தச் சோதனை உதவாது. அறை வெளிச்சத்தில் நிறங்கள் வெளுத்துவிடும். அந்தத் திரையிலேயே பார்த்துவிட வேண்டும்.