நரம்பு விஞ்ஞானப் பட்டத்துக்குப் பாடங்களைத் திட்டமிடுதல்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்துவிட்டு, நரம்பு விஞ்ஞானத்தைத் தனிப் பட்டமாகவோ உயிரியல் பட்டத்தினுள் ஒரு சிறப்புத் துறையாகவோ தொடர விரும்பும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மூளையைப் பற்றிய பாடம் எந்த ஆண்டில் வரும் என்பதைத்தான். அந்தப் பாடத்துக்குள் நுழைய முன்னர் எவற்றில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி.

துறையின் கையேட்டைக் கையில் எடுத்து, ஒரு புல்ஸ்காப் தாளைக் குறுக்காக வைத்து, நான்கு ஆண்டுகளின் எட்டு அரையாண்டுகளுக்கும் எட்டு நிரல்கள் வரையுங்கள். எழுதத் தொடங்க வேண்டியது கடைசி நிரலிலிருந்து. அங்கே ஆய்வுச் செயற்றிட்டம் இருக்கும். அதற்கு நரம்பு உடற்றொழிலியலும் புள்ளிவிபரவியலும் வேண்டும். நரம்பு உடற்றொழிலியலுக்குக் கல உயிரியலும் பௌதிகவியலும் வேண்டும். கல உயிரியலுக்கு முதலாமாண்டு இரசாயனவியல் வேண்டும். இவ்வாறு பின்னோக்கி அம்புக்குறியிட்டு வந்தால், எந்தச் சங்கிலி மிக நீளமானது என்பது தெரியும். அதன் முதற்பாடத்தை முதல் அரையாண்டிலேயே எடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தப்படும் பாடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்; அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் முழு ஆண்டும் காத்திருக்க நேரும்.

நம்மவர் இடறும் இடம் கணிதம். உயிரியல் பிரிவு மாணவர் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டுவிடுகிறார். நரம்பு விஞ்ஞானமோ அதை விடுவதில்லை. நரம்புக் கலத்துக்கு வெளியே பொட்டாசியம் அயன் லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல், உள்ளே 140 மில்லிமோல் செறிவில் இருப்பதாகக் கொள்வோம். 5ஐ 140ஆல் வகுத்து, அதன் மடக்கையை 61.5ஆல் பெருக்கினால், உடல் வெப்பநிலையில் பொட்டாசியத்தின் சமநிலை அழுத்தம், அதாவது அயன் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமப்படும் மின்னழுத்தம், ஏறத்தாழ -89 மில்லிவோல்ற்று என்று கிடைக்கிறது. இதற்குச் சாதாரண தர மடக்கையே போதும். ஆனால், உடற்றொழிலியல் ஆய்வாளர்களான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் இராட்சத நரம்பிழையில் செய்த பரிசோதனைகளைக் கொண்டு 1952இல் வெளியிட்ட, நரம்பில் பரவும் மின் துடிப்பாகிய தாக்க அழுத்தத்துக்கான சமன்பாடுகள் வகையீட்டுச் சமன்பாடுகள். அவற்றைப் பார்த்து மலைக்காதிருக்க, முதலிரு அரையாண்டுகளில் நுண்கணிதம் ஒன்றும் புள்ளிவிபரவியல் ஒன்றும் இடம்பெற வேண்டும்.

பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே கிடைக்கும் மாதங்கள் இதற்கு உகந்தவை. அயல்வீட்டுக் கணிதப் பிரிவு மாணவரின் இணைந்த கணிதக் கொப்பியில் வகையீடு, தொகையீடு ஆகிய இரண்டை மட்டும் செய்து பாருங்கள். கணினி வகுப்புக்குப் போவதாயின், வேர்ட், எக்செலோடு நின்றுவிடாமல் பைதன் என்ற கணினி நிரலாக்க மொழியையும் தொடங்குங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். நமது பாடநூல்களில் அழுத்தம் என்பது மின்னியல் சார்ந்தது, அமுக்கம் வேறு. தமிழ்நாட்டு நூல்களில் அமுக்கத்தையே அழுத்தம் என்பார்கள். இணையத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால், ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிய ஒரு கொப்பி முதல் வாரத்திலிருந்தே இருக்கட்டும்.

சுமையையும் கணக்கிடுங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். அரையாண்டுக்கு 15 கிரெடிட் எடுத்தால் 750 மணிநேரம். பதினைந்து வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 50 மணிநேரம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாளாந்தம் பேருந்தில் போய்வருபவருக்குப் பயண நேரம் இதற்கு மேலதிகம். ஆகவே சேதன இரசாயனச் செய்முறையையும் பௌதிகவியல் செய்முறையையும் இயன்றவரை ஒரே அரையாண்டில் வைக்காதீர்கள். உளவியல் போன்ற தெரிவுப் பாடங்கள் எங்கும் பொருந்தும், கடைசியில் நிரப்பலாம்.

தாளைப் பென்சிலாலேயே நிரப்புங்கள். நேர அட்டவணை வெளிவந்ததும் இரு பாடங்கள் ஒரே பிற்பகலில் மோதினால், நீளமான சங்கிலியிலுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த நிரலுக்கு நகர்த்துங்கள்.